கங்காணி பெரியமுத்து எழுதிய குறிப்புகள்

கங்காணி பெரியமுத்துவைப் போல ஒரு வாயில்லாப்பூச்சியை மூணாறுப் பக்கத்து எஸ்டேட் எதிலும் பார்க்க முடியாது. வாய் பேசாததையெல்லாம் கை எழுதித் தீர்த்துக்கொண்டது. வினை அங்கேதான் பிடித்தது.

காலையில் ஆட்களை நிறுத்தி வரவு எடுக்கும் பெரட்டு நோட்டில் நம்பர், பெயர், ஹாஜர், குறிப்பு என்று நான்கு கட்டங்கள். ஆபீஸ் கிளார்க் மலையாளி. தமிழ் படிக்கத் தெரியாது. நம்பரையும் ஹாஜரையும் மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குறிப்பை ஒருவரும் படிப்பதில்லை என்று தெரிந்ததும் பெரியமுத்துவுக்குக் குளிர் விட்டுப்போயிற்று. அவர் மனைவி ராமுத்தாயும் அவர் மேற்பார்வையிலிருந்த தேயிலைக் காட்டில்தான் கொழுந்து கிள்ளினாள். வீட்டில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, அவள் பெயருக்கு நேரே எழுதுவார்: "கை விளங்காதவள்." இன்னொரு நாள், "மூச்சிரைப்பு. பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கிறாள்." உண்மையில் அந்த மலையில் அவள் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. எழுதி முடித்தால் மனசு ஆறிவிடும். மத்தியானம் அவள் ஊற்றிய கஞ்சியை ருசித்துக் குடிப்பார். இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

எழுபத்தாறில், தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுத்தார்கள். ராமுத்தாய் ஒன்பது வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள். புதிதாக வந்த ஆபீசர் தமிழர். பழைய நோட்டுகளை வரவழைத்து ஒரு வரி விடாமல் படித்தார். பெரியமுத்துவின் காட்டிலிருந்த தற்காலிக ஆட்கள் இருபத்திரண்டு பேரில் ராமுத்தாய் பெயரை மட்டும் அடித்தார்.

பெரியமுத்து ஆபீசுக்கு ஓடினார். "ஐயா, அது வீட்டுச் சண்டைய்யா. நா எழுதுனது பூரா பொய்யி."

"அப்ப நீ போட்ட ஹாஜரும் பொய்தானே? மிச்சம் இருபத்தோரு பேரையும் அடிச்சிரவா?"

வாசலில் அந்த இருபத்தொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியமுத்து அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லய்யா," என்றார். "எழுதுனது நெசந்தான்யா."

இந்த மனுஷனை நம்மால் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ராமுத்தாய் ஊரைக் கூட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இதையெல்லாம் எம் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, அன்னன்னிக்குச் சண்டையோட போயிருக்குமேய்யா," என்றாள்.

மறுநாள் பெரட்டில் நிரந்தர ஆட்கள் ஒரு பக்கம் போய் நின்றார்கள். தற்காலிக ஆட்களின் இடத்தில் ராமுத்தாய் மட்டும் தனியாக நின்றாள். அவள் பெயரைப் பெரியமுத்துதான் கூப்பிட வேண்டியிருந்தது.