நித்திரை அதிகம்

என் ஓரகத்தியின் ஐந்து தங்கமீன்களைக் கொன்றவள் நான்தான். விஷம் வைக்கவில்லை, கண்ணாடித் தொட்டியைப் போட்டு உடைக்கவில்லை. ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டேன். இதற்குப் போய்க் கொலை என்பதா என்று கேட்பவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம். என் கணவரின் அண்ணனுக்குச் சைகோனில் குமாஸ்தா வேலை. ஒரு விடுப்பில் வந்தவர், இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றையும், புதுச்சேரியில் யாரோ துரை விற்றுவிட்டுப் போன ஐந்து தங்கமீன்களையும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். மீனைக் கூறுபோட்டு விற்றுத்தான் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. தீனி போட்டு வளர்க்கும் மீனைப் பார்க்கப் பட்டினத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

அவர் திரும்பிப் போனபின் ஒரு கடிதம் வந்தது. மனைவிக்கு எழுதியதுதான், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாக் கடிதமும் மாமியார் முன்னால் உரக்கப் படிக்கப்பட வேண்டும். ‘நான் வரும்வரை மீன்களை நீ உயிரோடு வைத்திருந்தால் உன்னையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறேன்’ என்று எழுதியிருந்தார். விளையாட்டுக்கு எழுதினாரோ என்னவோ. மாமியார் அதைப் பத்திரம்போலப் பிடித்துக்கொண்டார்.

“மீன வளத்துக் காட்டட்டும், போகட்டும். அஞ்சு மீன வச்சுக் காப்பாத்தத் தெரியாதவ சைகோன்ல போயி என்னத்தக் குடும்பம் நடத்துவா?”

அக்கா என்றுதான் நான் ஓரகத்தியைக் கூப்பிடுவேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. மாமியாரின் வாய்க்கு அந்த ஒரு காரணம் போதும். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை அக்காவைத்தான் குதறும். அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து தப்ப சைகோனை விட்டால் வேறு வழியில்லை. எனக்கோ, அந்த வாய் அவளைக் குதறிக்கொண்டிருக்கும்வரைதான் நிம்மதி. அவள் கப்பலேறினால் அடுத்து நான். நான் அப்போது நான்கு மாத கர்ப்பம்.

மழைக்காலம் முடிந்ததும் மீன்கள் சோர்ந்தன. கண்ணாடியெல்லாம் பாசி பிடித்துப் பச்சையானது. தொட்டியின் அடியில் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தன, விரலைக் காட்டினாலும் அசையவில்லை. அக்கா பயந்துபோய் தினமும் தண்ணீர் மாற்றினாள். மாற்ற மாற்ற இன்னும் மோசமானது. எங்கள் கொல்லைக் கிணறு மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்தது, பக்கத்திலேயே எருக்குழி. அந்தத் தண்ணீரை நாங்கள் யாரும் வாயில் வைத்ததில்லை. குடிக்க அடுத்த தெருக் கிணற்றிலிருந்து குடம் குடமாக வரும். அதில் ஒரு குடம் மீனுக்கு எடுக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, “மீனுக்கு நல்ல தண்ணி ஒரு கேடா?” என்றார் மாமியார்.

அழுதுகொண்டே ஒரு சீசாவில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து என் கணவரிடம் கொடுத்தாள் அக்கா. ஓய்வு பெற்ற மருந்தாளர் ஒருவர் ஊரில் இருந்தார். பிரெஞ்சு படித்தவர். பாதி பேச்சு தமிழ், பாதி பிரெஞ்சு. அவர் தண்ணீரில் ஏதோ திராவகம் விட்டாராம், கருநீலமாக மாறியதாம். என் கணவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றவர். வீட்டுக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினார்.

“நித்திரை ரொம்ப அதிகமா இருக்காம். எல்லாம் சீட்டுல எழுதியிருக்காம்.”

“அதான் பாத்தேன்,” என்றார் மாமியார். “சும்மா தூங்கிக்கிட்டே கெடக்குதுங்க. பெரிய மனுஷன், தூக்கம்னா சொல்லுவாரு? நித்திரைன்னுதான் சொல்லுவாரு. நீதான் கன்னியாஸ்திரீ பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சவளாச்சே, படிச்சுச் சொல்லு.”

சீட்டை வாங்கினேன். அழகான கையெழுத்து. அவர் எழுதியிருந்தது நித்திரை அல்ல, நித்ராத். இங்கிலீஷில் நைட்ரேட் என்பார்கள். எருவிலிருந்து கிணற்றில் இறங்கும் ஒருவகை உப்பு. செய்ய வேண்டியதையும் தெளிவாக எழுதியிருந்தார்: இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொட்டகைக்குத் தூரமான கிணற்றிலிருந்து எடுத்து, வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா அத்தை,” என்றேன். “நித்திரை அதிகம்னுதான் போட்டிருக்கு.”

யோசித்துச் சொன்னேனா என்றால், யோசித்துத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வைத்தியம் ஆரம்பமானது. மீன்களைத் தூங்கவிடக் கூடாது என்று மாமியார் உத்தரவு. அக்கா ஒரு கரண்டிக் காம்பால் நாள் முழுக்கக் கண்ணாடியைத் தட்டினாள். அரிசி களையப் போனால் தட்டிவிட்டுப் போவாள், களைந்துவிட்டு வந்து தட்டுவாள். மீன்கள் ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளி விழுந்து கண்ணாடியில் மோதின. வயிறு நிறைந்தால் தெம்பு வரும் என்று மாமியார் கைநிறையப் பொட்டுக்கடலை மாவைப் போட்டார். அது அடியில் ஊறிப் புளித்தது. கொல்லைக் கிணற்றுத் தண்ணீரும் தவறாமல் விழுந்தது.

முதல் மீன் அந்த வாரமே செத்தது. அடுத்தடுத்து இரண்டு. மாமியார் ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி அக்காவின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுக் கொல்லையில் எறிந்தார். “இதுக்கும் ஒன்கிட்ட வளரப் பிடிக்கல பாரு” என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். சிரிப்பு வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

இரண்டு மீன் மிச்சமிருந்தபோது அக்கா அந்தச் சீட்டோடு என்னிடம் வந்தாள். கரண்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

“இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லும்மா. வேற எதுவும் எழுதலையா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெளிவாகப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். “இல்லக்கா. நல்லாத் தட்டணும்னுதான் போட்டிருக்கு” என்றேன்.

மூத்தவர் வந்து இறங்கியபோது தொட்டி காலியாக இருந்தது. அக்கா அழுதபடி எல்லாவற்றையும் சொல்லி, அத்தாட்சிபோல அந்தச் சீட்டை அவரிடம் கொடுத்தாள். பிரெஞ்சிலேயே எழுதிப் பிழைக்கும் மனிதர். இன்றோடு என் கதை முடிந்தது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் படித்தார். நிதானமாக, கடைசி வரி வரை. பிறகு தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. சந்தையில் நல்ல பேரம் படிந்தவன் முகம்தான் இருந்தது. சைகோனில் அவருக்கு வேறொரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருந்தது எங்களுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

“ஆமா,” என்றார், சீட்டை நான்காகக் கிழித்தபடி. “நித்திரை அதிகம்னுதான் எழுதியிருக்கான். நீ ஒழுங்காத் தட்டல போலருக்கு.”

“நாந்தாங்க அசந்துட்டேன்” என்றாள் அக்கா. “ஒருநாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேங்க.”

அவர் தனியாகக் கப்பலேறினார். அன்று சாயங்காலம் எனக்கு வாந்தி. அக்காதான் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி கவலைப்படக் கூடாது, நான் எங்கேயும் போகவில்லை, உன் கூடவே இருக்கிறேன் என்றாள்.