வீடு திரும்ப வழி உண்டா

கயானி ஊர் வாகனச் சோதனை நிலையத்தை நாலு மணிக்கு மூடுவார்கள். நாலு பத்துக்கெல்லாம் இல்போ கார்ப்பினென் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான். யார் கூப்பிட்டாலும் நிற்க மாட்டான். கூட வேலை பார்க்கும் காவ்கோ பட்டறை வாசலில் நின்று கத்துவான். "என்னப்பா, ராக்கெட்டுக்கு நேரமாச்சா? சனி கிரகத்துல எனக்கும் ஒரு எடம் புடிச்சு வை!" இல்போ கையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுப்பான். பதினோரு வருடமாக இதே கேலி, இதே கையாட்டல்.

ஐந்து மணிக்கு அவன் கணினி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். ஆறு அடிப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். நடுவில் வானமே இடிந்து விழுந்தாலும் சரி. மாமனாரை அடக்கம் செய்த அன்று காப்பியும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போன மகராசன் இவன். சனிக்கிழமை மாலையில் ஊரே குடும்பம் குடும்பமாக சவுனா என்கிற நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும். இவன் மனைவி மெர்யா மட்டும் சூடான கல்லில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருப்பாள்.

விஷயம் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். இல்போவே சொந்தமாக எழுதியது. ஒரு சின்னக் கப்பல், முப்பது விண்மீன்கள், விண்மீனுக்கு விண்மீன் பதினாலு தாவலுக்கு எரிபொருள். ஒவ்வொரு விண்மீனிலும் ஏதாவது ஒன்று காத்திருக்கும். அடாவடியாகப் பேரம் பேசும் வியாபாரி, ஆளே இல்லாத நகரம், தொட்டால் பாடுகிற பாறை. கிடைத்ததை அள்ளிக்கொண்டு, எரிபொருள் தீர்வதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அள்ளியது அத்தனையும் பூஜ்யம். எல்லாம் கால் மணி நேரம். செத்தால் என்ன, காப்பி ஆறுவதற்குள் இன்னொரு தடவை கிளம்பலாம். ஓர் ஆயுளைக் கால் மணியில் வாழ்ந்து முடித்துவிட்டு எழுந்து போய் உருளைக்கிழங்கு வேகவைக்கலாம். அந்த ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள். நானூற்றுச் சொச்சம் பேர் விடவில்லை. அதிலும் பாதிப் பேர், பகல் என்பதே எட்டிப் பார்க்காத குளிர்கால ஊர்களில் இருப்பவர்கள்.

தினமும் மாலை ஆறு மணிக்குப் புது வானம் திறக்கும். அந்த வானம் ஓர் எண்ணிலிருந்து பிறக்கும். முந்தின நாள் ஜெயித்தவர் ஐந்து மணிக்கு அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். ஒருத்தர் மகள் பிறந்த தேதியைச் சொல்வார். இன்னொருத்தர் செத்துப்போன நாயின் உரிம எண்ணைச் சொல்வார். எண் எதைத் தருகிறதோ அதுதான் அன்றைய வானம். விளையாட்டின் முதல் பக்கத்திலேயே இல்போ பெருமையாக எழுதி வைத்திருந்தான்: "இந்த வானத்தை யாரும் தொடுவதில்லை."

அங்கேதான் பிடித்தது சனி. ஆரம்பித்த இரண்டாவது வாரம் ஒரு நர்ஸ் கடிதம் போட்டாள். ஏழாம் வார்டு என்பதுதான் விளையாட்டில் அவள் பெயர். டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் ஒரு ஆட்டமாவது ஆடுவாளாம். 'நேற்று எட்டுத் தடவை போனேன், எட்டுத் தடவையும் செத்தேன், அந்தக் கனத்தோடேயே ராத்திரி முழுக்க வேலை பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். இல்போ அந்த வானத்தைத் திறந்து பார்த்தான். வீடு திரும்ப வழியே இல்லை. என்ன செய்தாலும் ஒரு தாவல் குறைந்தது. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரேக் இல்லாத வண்டிக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து எண் வந்ததும் முதலில் அவன் ஆடிப் பார்த்தான். திரும்ப வழி இருந்தால் அப்படியே விட்டான். இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமல் ஒரு விண்மீனை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தான். வழியைத் தானே தேடிச் சொல்ல ஒரு நிரலும் எழுதிப் பார்த்தான். அது வழி உண்டு என்று சொன்ன வானத்தில் இவன் நாலு தடவை செத்தான். அதன் பிறகு இவனுக்கு எந்த நிரல் மேலும் நம்பிக்கை இல்லை. சக்கரத்தைத் தன் கையால் ஆட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடாத ஆசாமி அவன்.

வேறு யாரிடமாவது இந்த வேலையை ஒப்படைக்கலாமே என்றால், எப்படி ஒப்படைப்பது? முதல் பக்கத்தில் எழுதியது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. மெர்யாவிடம்கூட அவன் சொல்லவில்லை. முதல் வருடம் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை என்று நினைத்தான். மூன்றாம் வருடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். தானே பூட்டிக்கொண்டு தானே சாவியைத் தொலைத்த கதைதான், வேறென்ன! வயிறு சரியில்லாத நாளிலும் ஐந்து மணிக்கு முதுகு வளைந்துவிடும். ஆறு அடித்ததும் பெருமூச்சு விடுவான். உடனே அடுத்த நாளின் ஐந்து மணி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

மெர்யா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். முந்நூறு பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப் கிண்டுகிற கை, அதிகம் பேசாத வாய். அவள் இந்த வருடம் மே மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜூலைல எனக்கு அம்பது."

"தெரியும்."

"வடக்க போறோம். எட்டு நாள். காட்டுக்குள்ள குடிசை. கரண்ட் கெடையாது, போன் எடுக்காது. டிக்கெட் எடுத்தாச்சு."

"மெர்யா, அந்த அஞ்சு மணிக்கு..."

"இரு, நான் இன்னும் முடிக்கல. நீ வரலன்னா நான் தனியா போவேன். ஆனா திரும்பி இந்த வீட்டுக்கு வரமாட்டேன். ஓவ்லு ஊர்ல அக்கா வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. கோவத்துல சொல்றேன்னு நெனைக்காத. கோவமெல்லாம் போன வருஷமே தீந்துபோச்சு."

கோபம் தீர்ந்துவிட்டது என்றாளே, அதுதான் இல்போவைப் பயமுறுத்தியது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வருகிறேன் என்றான். கிளம்புவதற்கு முன், எண் வந்ததும் தானாகவே வானம் திறக்கும்படி செய்து வைத்தான். யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். வருவது வரட்டும்.

சொல்லும்போது சுலபம். குடிசைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே ஐந்து மணி வந்ததும் விறகைப் பிளக்க ஆரம்பித்தான். ஆறு மணி வரை நிறுத்தவில்லை. "பத்து குடும்பம் குளிர்காலம் பூரா எரிக்கிற அளவு பொளந்திட்டே," என்று மெர்யா சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு ஏரியில் தூண்டில் போட்டான். கொசு கடித்துப் பிடுங்கியது. மீன் இழுத்தபோது இவன் கவனிக்கவே இல்லை. மெர்யாதான் ஓடி வந்து கழியைப் பிடித்தாள். மீனைத் தூக்கியவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மீனைக் கழுவப் போனாள்.

குடிசையில் வந்து தங்குகிறவர்கள் எழுதி வைக்கிற ஒரு நோட்டு இருந்தது. அதில் எவனோ ஒரு புண்ணியவான் 'குன்றின் உச்சியில் கற்குவியல் பக்கத்தில் நின்றால் போன் எடுக்கும்' என்று எழுதித் தொலைத்திருந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் இல்போ பூட்ஸை மாட்டினான்.

"மேல போய் சதுப்பு நெலத்துல பழம் பழுத்திருக்கான்னு பாத்துட்டு வரேன்."

"நானும் வரேனே."

"நீ படு. ஏத்தம் ஜாஸ்தி."

மெர்யா எழுந்த வாக்கிலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஏற்றம் இரண்டு மணி நேரம் பிடித்தது. உச்சியில் காற்று காதைப் பிய்த்தது. போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு எழும்பியது. இல்போ விளையாட்டைத் திறந்தான். முதல் நாள் வானம் பழுதில்லை. இரண்டாம் நாளுக்குப் போனான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கிளம்பியிருந்தார்கள். ஒருத்தர்கூட வீடு திரும்பவில்லை.

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெற்றிடம். போகும்போது தாண்டிவிடலாம், திரும்பும்போது எரிபொருள் போதாது. ஒரே ஒரு விண்மீனை ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. கல்லின் மேல் உட்கார்ந்தான். கீழே செய்திகள் வந்து குவிந்து கிடந்தன. வழக்கமாக ஒரு நாளைக்கு நாற்பது இருக்கும். அன்றைக்கு எழுநூறு. திட்டு வாங்கத் தயாராகத்தான் படிக்க ஆரம்பித்தான்.

யாரும் திட்டவில்லை. திருவிழா நடந்துகொண்டிருந்தது. திரும்ப முடியாது என்று தெரிந்ததும், யார் அதிக தூரம் போய்ச் சாகிறார்கள் என்று அவர்களே ஒரு போட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். இருபது தடவை, முப்பது தடவை என்று செத்திருந்தார்கள். ஒருத்தர் எழுதியிருந்தார்: "நாலாயிரம் நாள்ல இப்பதான் ஒரு வானம் வழியில்லாம வருதா? கணக்கு இடிக்குதே. எவனாவது உள்ள உக்காந்து நமக்காக நகர்த்தி வச்சுகிட்டிருந்தானா?" அதற்கு இன்னொருத்தர் பதில் போட்டிருந்தார்: "போய்யா, அப்படி ஒரு பைத்தியக்காரன் எவன் இருப்பான்?" அந்தப் பதிலுக்கு நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

அதிக தூரம் போனது ஏழாம் வார்டு. அவள் செய்தி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. "இப்படி ஒரு நாள் இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. தெனமும் பாதி எரிபொருள திரும்பறதுக்குன்னு கையில புடிச்சு வச்சுகிட்டே ஆடுவேன். இன்னைக்குத் திரும்ப வேண்டாம்னு ஆனதும் எல்லாத்தையும் எரிச்சுத் தள்ளிட்டேன். அந்தக் கோடியில இவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. டியூட்டிக்குப் பாட்டுப் பாடிகிட்டே போனேன்."

இல்போ அதை மூன்று தடவை படித்தான். வந்ததே இல்லையாம். பதினோரு வருடத்துக்கு முன் எட்டுத் தடவை செத்தது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. பைத்தியக்காரன் எவன் இருப்பான் என்று கேட்டவரும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். முதலில் அவனுக்கு அழுகை வந்தது. பிறகு, யாரோ கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி தோள் இரண்டும் லேசாயின. இனி ஐந்து மணிக்கு உட்கார வேண்டியதில்லை. நாளைக்கு இல்லை, என்றைக்குமே இல்லை. குன்றிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினான். மெர்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அவள் சந்தோஷப்படுவாள். எழுந்து வந்து கட்டிக்கொண்டாலும் கட்டிக்கொள்வாள்.

மெர்யா மீனைச் சுட்டு, கறுப்பு ரொட்டியை அரிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"போன் எடுத்துச்சா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இல்போ பொய் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தான். நர்ஸ் கடிதம், திரும்ப வழியில்லாத வானம், ஒரு விரற்கடை நகர்த்தியது, அதை யாருக்கும் சொல்லாதது, எல்லாம் சொன்னான்.

"நான் வெளையாடவே இல்ல, மெர்யா. திரும்ப வழி இருக்கான்னு பாத்துகிட்டிருந்தேன். அவ்ளோதான்."

"பதினோரு வருஷமா?"

"ஆமா."

"அப்ப ஆசை ஆசையா ஓடி ஓடி வருவியே, அது?"

"ஆசையெல்லாம் மொத வருஷத்தோட சரி. அப்புறம் எப்படா ஆறு மணி ஆகும்னுதான் இருக்கும்."

மெர்யா கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தாள். துடைத்த கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கதவுக்கு வெளிய நின்னு எத்தன நாள் பாத்திருப்பேன் தெரியுமா? உன் முதுகுதான் தெரியும். கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வரும். கூப்பிட மாட்டேன். இந்த வீட்டுல ஒரு ஆளாவது ஒரு மணி நேரம் சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிடுவேன்."

இல்போ வாயைத் திறந்தான். இனி எல்லா மாலையும் நமக்குத்தான் என்று சொல்ல வழி நெடுக யோசித்து வைத்திருந்தான்.

"நீயாவது சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சுதான் இத்தன வருஷம் இருந்தேன், இல்போ," என்றாள் மெர்யா. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "இப்ப எத நெனச்சு இருக்கிறதுன்னு எனக்குத் தெரியல."