காற்றைப் பிடுங்கிவிட்டது யார்?

என் லாரியில் சீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்பு ராடு கிடக்கிறது. என் பழைய முதலாளியுடையது. வண்டி கிளம்பும் முன் அதைக் கொண்டு டயர்களைத் தட்டியபடி ஒரு சுற்று வருவார். காற்று நிறைந்த டயர் ‘டங்’ என்னும். காற்று குறைந்த டயர் ‘தொப்’ என்னும். நாமக்கல் லாரிக்காரர்களுக்குக் காதுதான் அளவுகோல்.

பாதி ஆயுளை இன்ஜின் இரைச்சலில் ஓட்டியவர். வயதான பின் ஒரு காலை, டயரைத் தட்டிவிட்டு டிரைவரான என்னை முறைத்தார். “காத்தப் புடுங்கி உட்டது ஆரு?”

“நெறையத்தான் இருக்குதுங்க, மொதலாளி.”

“அப்ப ராடு பொய் சொல்லுதா? காத்தடிக்கறவன் உனக்கு மச்சானாடா?”

அன்றிலிருந்து ஷெட்டுக்குப் பூட்டு. நான் டீ குடிக்கப் போனாலும் முதுகில் அவர் கண். எனக்கும் சந்தேகம்: என்னை விலக்கிவிட்டுத் தன் அக்கா மகனிடம் வண்டியைக் கொடுக்கத்தான் இந்த நாடகமோ? அவர் மனைவியிடமே கேட்டுவிட்டேன். “நீ வேற சாமி! கொழம்புக்கு உப்பு பத்தலைன்னு மருமவகிட்டப் பேசுனாலும், என்னைய ஊட்ட உட்டுத் தொரத்தப் பேசறீங்களான்னு கேக்கறாரு.”

ஒருநாள், ஆயிரம் தடவை திரும்பிய வெண்ணந்தூர் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். “ரோட்ட ஆருடா மாத்தி வெச்சது?” என் சந்தேகம் அங்கேயே செத்தது. பயம்தான் மிஞ்சியது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு அவரைக் கூட்டிப்போனோம். டாக்டர் முதலில் காதைச் சோதித்தார்; மந்தமாகியிருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் மூளையை அரிக்கும். காது கேட்காதவர் நாலு பேரை விட்டு ஒதுங்குவதால் மறதிநோய் இன்னும் சீக்கிரம் முற்றலாம், நீங்கள் முன்பே கூட்டி வந்திருக்கலாம் என்றார். காதில் வைத்த கருவியை முதலாளி பிடுங்கி எறிந்தார். “இதுக்குள்ள எவனோ ஒளிஞ்சு பேசறான்!”

கருவிக்கு மெல்லப் பழகினார். ஒரு காலை டயரைத் தட்டியவர் முகம் மலர்ந்தது. “டங்குங்குது! காத்து செரியா இருக்குது. வண்டிய எடு.” அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார். “ஆமா, நீ ஆரூட்டுப் பையன் சாமி?”

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. இப்போது வண்டி என்னுடையது. என் மனைவி போனில் தணிந்த குரலில் பேசினால், என்னைப் பற்றித்தானோ என்று தோன்றத் தொடங்கியிருக்கிறது. இன்று காலை பின்டயரைத் தட்டினேன். ‘தொப்’ என்றது. யார் வேலை இது என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். காற்று நிறைந்திருந்தது.

ராடைச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். “கெளம்பி இரு, சேலத்துல காது டாக்டரப் பாக்கப் போறோம்.”

“ஏனுங்க, ஆருக்கு?” என்றாள்.

“எனக்குத்தான். கொஞ்சம் சத்தமாப் பேசு.”