விசிலக்காவும் முப்பது சோப்பும்

பன்னிரண்டு வருஷம் அந்த அம்மா விசிலடித்தால் நான் பஸ்ஸை எடுத்தேன். அவர் கண்டக்டர், நான் டிரைவர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. இருவரும் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. இன்றும் அவர் அடிக்கிறார், நான் எடுக்கிறேன். "ஓய்வுன்னா என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் யாராவது சொல்லிக் குடுத்தா தேவல" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

எல்லோருக்கும் அவர் விசிலக்கா. எங்கள் தடத்தில் காலையில் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் கூடையும் மூட்டையுமாகத்தான் ஏறுவார்கள். துடைப்பம், தைத்த துணி, மெழுகுவர்த்தி என்று ஏதாவது இருக்கும். "என்னம்மா வியாபாரமா?" என்று அக்கா கேட்டால், "ஐயோ, அதெல்லாம் இல்லக்கா, வீட்டுல சும்மா இருக்கேன்" என்பார்கள். மூட்டையைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், கேட்டால் சும்மா இருக்கிறார்களாம்! டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு அக்கா அவர்களோடு சண்டைக்கு நிற்பார். கண்ணாடியில் பார்த்து நான் சிரித்துக்கொண்டே ஓட்டுவேன்.

அந்தச் சண்டையைத்தான் ஓய்வுக்குப் பிறகு முகாமாக ஆக்கினார். பள்ளி விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஹாஸ்டலில் சுற்றுப்பட்டுப் பெண்கள் மூன்று நாள் தங்குவார்கள். தொழிலைப் பற்றிப் பேசுவது, கற்றுக்கொள்வது, தூங்குவது தவிர வேறு வேலை கிடையாது. முதல் முகாம் பாழாய்ப் போனது. விடிவதற்குள் அத்தனை பேரும் எழுந்து, சமையல்காரரை ஓரங்கட்டிவிட்டு அடுப்பைப் பிடித்து, ஹாஸ்டல் முழுக்கக் கூட்டி மெழுகி, மூன்றாம் நாள் முதுகு வலியோடு வீட்டுக்குப் போனார்கள். "வீட்டுல செய்யறத இங்க வந்து செய்ய எதுக்கும்மா வேன் ஏறி வந்தீங்க?" என்று அக்கா கத்தினார். அடுத்த முகாமிலிருந்து சமையலறைக்குப் பூட்டு. போன்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குக் காவல் நான்.

அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை வந்த இருபத்தாறு பெண்களின் போன்களும் வாளிக்குள் கிடந்து அதிர்ந்தன. அவசரம் என்றால் மட்டும் கூப்பிட வேண்டும், மற்றதை நானே சமாளிக்க வேண்டும். "மிக்ஸி ஜார் எங்க?" என்று ஒருவர். "சட்டைக்கு பட்டன் தைக்கணும், எப்ப வருவா?" என்று இன்னொருவர். "இஸ்திரிப் பெட்டி சூடாகல" என்றவரிடம், "சுவிட்சைப் போட்டீங்களா சார்?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

அடிக்கடி வந்த அழைப்பு ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணிகிட்ட ஷெட்டுச் சாவி எங்கன்னு கேளுங்க." சோப்புத் தங்கச்சியின் கொழுந்தன் அவர். தங்கச்சி என்பது நான் வைத்த பெயர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் சோப்புக் காய்ச்சுகிற பெண். கொழுந்தன் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார், அதை நிறுத்த அந்த ஷெட்டைக் கேட்கிறார். "முகாமுக்குப் போறீங்கல்ல, ஆர்டரோட வந்தா ஷெட் உங்களுக்கு, வெறுங்கையோட வந்தா காலி பண்ணிடுங்க" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியனுப்பியிருக்கிறார். கணவர் வாயே திறக்கவில்லையாம். நான் போய்ச் சொன்னதும் அவள் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே, "வந்து தர்றேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது எனக்குத் தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஆர்டருக்கும் வழி இருந்தது. கடலோரத்தில் ஆறு விடுதிகள் நடத்தும் ஒரு அம்மா, குளியல் சோப்புக்கு ஆள் தேடுவதாக அக்காவுக்குத் தகவல் வந்தது. அவரை மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு முகாமுக்கு வரச் சொல்லியிருந்தார் அக்கா. அதற்காகவே தங்கச்சி நன்றாகக் காய்ந்த முப்பது சோப்புகளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஷெட்டில் மிச்சமெல்லாம் இன்னும் காயாத பச்சை.

முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொருவரும் தங்கள் பொருளை ஐந்து நிமிஷம் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டு, மறுநாளுக்குப் பாடம் எடுக்க வருகிறவரைப் பார்க்க என்னோடு வேனில் கிளம்பிவிட்டார். அதுதான் தப்பு. நாங்கள் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தில் கூடை பின்னுகிற அம்மா, பக்கத்தில் இருந்தவள் கூடையை ஆசையாகத் தடவுவதைப் பார்த்து, "வச்சுக்கம்மா" என்று கொடுத்திருக்கிறார். வாங்கியவள் வெறுங்கையோடு எப்படி வாங்குவது என்று தான் தைத்த பையைக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? ஹாலே கல்யாண வீடாகிவிட்டது. விற்கக் கொண்டுவந்த சரக்கெல்லாம் சீர்வரிசை போலக் கைமாறிவிட்டது.

மறுநாள் பிற்பகல் அக்கா, "நாளைக்கு மேசையில அடுக்கணும், சோப்ப எடும்மா" என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தங்கச்சி முந்தானையைத் திருகினாள்.

"எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்துட்டேன்க்கா. மிச்சம் மூணையும் கை கழுவுற குழாய்கிட்ட வச்சேன்."

"எனக்கு ஒண்ணு குடுத்தப்ப எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேனேடி!"

"அண்ணனுக்குக்கூட குடுத்தேன்." என்னைக் காட்டினாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தின ராத்திரியும் அன்று காலையும் அந்தச் சோப்பில்தான் குளித்திருந்தேன்.

"அவங்க எல்லாரும் குடுக்கறப்ப நான் மட்டும் எப்படிக்கா கட்டி வச்சுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அக்காவுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வியாபாரம் பண்ண வந்தீங்களா, விருந்தாட வந்தீங்களா?" என்று ஹாலே அதிரும்படி கேட்டுவிட்டு வேன் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். பஸ் நடுவழியில் நின்ற நாட்களில்கூட அவர் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை. வாளிக்குள் மறுபடியும் கொழுந்தனின் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

அவரைத் தேற்ற வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒண்ணு கவனிச்சீங்களா? போன ரெண்டு முகாம்லயும் இந்த உப்புத் தண்ணியப் பத்திப் பொலம்பாத ஆளே கிடையாது. தலை பிசுக்குது, நுரையே வரலன்னு என் உயிர எடுத்தாங்க. இந்தத் தடவை ஒருத்தர்கூட வாயத் தொறக்கலையே."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவரே, இத நேத்தே சொல்றதுக்கு என்ன கேடு?"

எழுந்தவர் நேராகத் தங்கச்சியிடம் போனார். அவள் ஊரிலும் இதே உப்புத் தண்ணீர்தானாம். கடைச் சோப்பு நுரைக்காததால்தான் தேங்காய் எண்ணெயை அளவு மாற்றி மாற்றிக் காய்ச்சிப் பார்த்து, மூன்று வருஷத்தில் இந்தப் பதத்தைப் பிடித்திருக்கிறாள். "இத ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?" என்று அக்கா கேட்டதற்கு, "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்றாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு விடுதிக்காரம்மா வந்து இறங்கினார். மேசையில் ஒன்றுமில்லை. "புழுதில வந்திருக்கீங்க, மொதல்ல கையக் கழுவுங்கம்மா" என்று அக்கா அவரை நேராகக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மா சோப்பை எடுத்துத் தேய்த்தார். நுரை பொங்கி மணிக்கட்டு வரைக்கும் வந்தது. ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தார்.

"உப்பால்ல இருக்கு!"

"உப்புத்தான்."

"எங்க விடுதிலயும் இதே தண்ணிதான். வர்றவங்க எல்லாரும் சோப்பைத்தான் திட்டுவாங்க."

அக்கா ஒரு விசிலடித்தார். இருபத்தைந்து பெண்களும் ஆளுக்கொரு சோப்பு டப்பாவோடு வரிசையாக வந்து நின்றார்கள். வரிசையின் கடைசியில் நானும் என் சோப்போடு நின்றேன். எல்லாம் தேய்ந்த சோப்பு. விடுதிக்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். ஈரத்திலேயே கிடந்தும் ஒன்றுகூடக் கொழகொழக்கவில்லை. புதுச் சோப்பை மேசையில் அடுக்கியிருந்தால் இதைக் காட்டியிருக்கவே முடியாது.

"யார் செஞ்சது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்சி முன்னால் வந்தாள். முந்தானையைத் திருகவில்லை.

"ஆறு விடுதிக்கும் உங்க சோப்பே போடலாம். ரெண்டு வாரத்துல குடுத்துடுவீங்கல்ல?"

சரி என்று சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. தங்கச்சி இரண்டு விநாடி யோசித்தாள்.

"முடியாதும்மா."

அக்காவின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்துவிட்டது.

"நாலு வாரம் காயணும். பச்சையா குடுத்தா ரெண்டே நாள்ல கரையும், தோலும் எரியும். என் சோப்ப அப்படிக் குடுக்க மாட்டேன். நாலு வாரம்னா எழுதிக்குங்க."

விடுதிக்காரம்மா கையை முகர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நாலு வாரம். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அக்கா தரையில் கிடந்த விசிலை எடுத்துச் சேலையில் துடைத்து இரண்டு தடவை அடித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அடித்து நான் கேட்டதில்லை. பெண்கள் போட்ட கூச்சலில் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் கத்தினேன்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் வாளி அதிர்ந்தது. யாரென்று பார்த்ததும், இதை நான் சமாளிக்கக் கூடாது என்று பட்டது. போனைத் தங்கச்சியிடமே நீட்டினேன். அக்கா விதியை நினைவுபடுத்தவில்லை.

"அண்ணி, ஷெட்டுச் சாவி எங்க வச்சீங்க? கார் வெயில்ல நிக்குது."

அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கிட்டதான் இருக்கு தம்பி. இனிமேலும் எங்கிட்டதான் இருக்கும். காருக்கு நிழல் வேணும்னா ஒரு உறை வாங்கிப் போடுங்க."

போனை வைத்துவிட்டு, அடுத்து எத்தனை லிட்டர் எண்ணெய் வேண்டும் என்று அக்காவோடு கணக்குப் போட ஆரம்பித்தாள்.