துடுப்பைக் குடுத்துட்டு உக்காந்தவன்

எங்க வீட்டுக்காரர் ஏரியில வலை கட்டுறவர். நான் பொன்னேரியில ஒரு பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். அவருக்குக் கிட்னி ரெண்டும் போனப்புறம், வாரத்துக்கு மூணு நாள் மெட்ராஸ்ல டயாலிசிஸ். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த பேங்க்காரர்தான் இவர் போன்ல ப்ராக்ரெசிவ் ராக்னு நீள நீளமான இங்கிலீஷ் பாட்டா ஏத்திக் குடுத்தாரு. ஒவ்வொண்ணும் இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் ஓடும். "பத்துப் பாட்டு கேட்டா ஊசியப் புடுங்கிடுவாங்க"ன்னுவாரு இவரு.

எங்க ஊரு கோட்டைக்குப்பத்துக்கு பஸ்ல திரும்பும்போது ஆளுக்கொரு காதுல இயர்போன். இவருக்கு இங்கிலீஷ் வராது. "இன்னா சொல்றான், டீச்சர்?"னு கேட்டுக்கிட்டே வருவாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? மலைன்னா ஆணவம், கண்ணாடின்னா மாயை, ஆறுன்னா பிறவின்னு அளந்து விடுவேன். "எல்லாமே சாமிதானா? இந்தாளு ஒரு நாளாவது சோறு துன்னுருக்க மாட்டானா?"ன்னு ஓட்டுவாரு. கோவம் வரும், சிரிப்பும் வரும்.

ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவாரு. அதோட கடைசியில ஒருத்தன் தன் துடுப்பை இன்னொருத்தன் கையில குடுத்துட்டு, எனக்கான தண்ணி முடிஞ்சதுன்னு கரையில உக்காந்துடுறான். அப்புறம் பேச்சே கிடையாது. ஆர்கன் வாத்தியம் மட்டும் ரொம்ப நேரம் ஓடும்.

எங்க ஏரியில யாரு எந்த எடத்துல என்னிக்கு வலை கட்டணும்னு கோயில்ல சீட்டுப் போட்டு மொறை வைப்பாங்க. அதுக்குப் பாடுன்னு பேரு. உடம்பு முடியாதவன் தன் மொறைக்கு வேற ஆளை அனுப்பலாம், தப்பில்ல. இவருக்காக இவரு தம்பிதான் போய்க்கிட்டு இருந்தாரு. ஆனா மொறையவே விட்டுக் குடுத்தா, இனிமே தண்ணியில எறங்க மாட்டேன்னு அர்த்தம். சீட்டுல பேரு இருக்குற வரைக்கும் மனுஷன் தேறிடுவாருன்னு நான் நம்பிக்கிட்டு இருந்தேன். அவரு வலைய எலி கடிக்காம பாத்துக்கிட்டது நான்தான்.

சீட்டுப் போட்ட அன்னிக்குச் சாயங்காலம் கோயில்லேர்ந்து வந்தாரு. நான் எறா உரிச்சிக்கிட்டு இருந்தேன். எதிர்ல உக்காந்தாரு.

"அந்தத் துடுப்புக்காரன் பாட்டு புரிஞ்சிடுச்சு, டீச்சர். அது நம்ம பாடுதான். அவன் மொறையத் தம்பிக்குக் குடுத்துட்டான்."

"துடுப்புன்னா உடம்பு. கரைன்னா மோட்சம். ஆத்மா ஒரு உடம்ப விட்டு இன்னொண்ணுக்குப் போவுது. அதுல கொண்டாந்து ஏரியையும் எறாவையும் கொட்டாதீங்க."

"இல்லம்மே. நெஜமாவே குடுத்துட்டான். மனசாரத்தான் குடுத்தான்."

"பாட்டுல தம்பின்னு எங்க வருது? காட்டுங்க பாக்கலாம்."

"சரி, நீ சொன்னா சரி"ன்னுட்டு அவரும் எறா உரிக்க ஆரம்பிச்சாரு. ஜெயிச்ச மெதப்புல நான் மோட்சத்தப் பத்தி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

ரெண்டு மாசத்துல போய்ட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சி ஒரு நாள் காலையில, தம்பி ஒரு கூடை எறா கொண்டாந்து வெச்சாரு.

"அண்ணனோட பாடு, அண்ணி. உங்களுக்குத்தான் மொதல்ல."

"இனிமே அது உங்க பேருக்கு மாறணுமே"ன்னேன்.

"அதான் அப்பவே மாத்திட்டாரே அண்ணி. சீட்டுப் போட்ட அன்னிக்கு, சாமி முன்னாடி, எல்லார் எதிர்லயும். இனிமே என்னால ஆவாது, என் மொறை தம்பிக்குன்னாரு. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், யாரும் வாயத் தொறக்காதீங்கன்னாரு. சொல்லலியா?"

"சொன்னாரு"ன்னேன்.

தம்பி கெளம்பிப் போனப்புறம் அந்தக் கூடை முன்னாடியே உக்காந்திருந்தேன். நான் சாகப் போறேன்டின்னு சொல்ல வந்த மனுஷனுக்கு நான் பாடம் நடத்தியிருக்கேன். பாவி நான். அந்தப் பாட்டு இன்னும் போன்ல இருக்கு. பேச்சு முடிஞ்சி ஆர்கன் ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்திடுவேன். அதுக்கு மேல கேக்க முடியல. அன்னிக்கு எதிர்லதான உக்காந்திருந்தாரு. கையெல்லாம் எறா நாத்தம் இருந்தா இன்னா, அவரு கையப் புடிச்சிருக்கலாம்.