குறி படித்த அத்தை

அப்பாவின் அக்கா கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே அவர் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பது தெற்கே சிங்கப்பூர் எல்லைக்கு அருகே கூலாயில் இருந்த எங்கள் வீட்டில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அப்பாவைக் கேட்டால், "பாஷை சம்பந்தமா ஏதோ" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார். அத்தை எழுதிய புத்தகம் ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. அட்டையில் ஒரு வீட்டு வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளின் படம். அதற்கு மேலே 'குறி' என்று தொடங்கும் நீளமான தலைப்பு. செருப்பைப் பார்த்து எழுத என்ன இருக்கிறது என்பதே எனக்கு முதல் குழப்பம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆண்டு இறுதி விடுமுறையில் அத்தை எங்களோடு தங்க வந்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் தமிழர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பதிவு செய்து ஆராயப் போகிறாராம். எங்கள் பேச்சில் ஆராய என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் பெருமைக்குக் குறைவில்லை. எதிர்வீட்டில் லாரி ஓட்டும் மாமா ஒருவர் இருந்தார். "உங்க நாத்தனார் என்னா படிச்சிருக்காங்க?" என்று அவர் கேட்டபோது, அம்மா புத்தக அட்டையை ஞாபகப்படுத்திக்கொண்டு "குறியியல்" என்றார். மாமா அந்தச் சொல்லின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே குளித்து, திருநீறு பூசி வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு நம்பர் சொல்லுங்க லா. எத்தனை வருசமா லாட்டரி எடுக்கறேன், ஒண்ணும் அடிக்க மாட்டேங்குது."

அத்தை சிரித்துவிட்டார். பிறகு, குறி சொல்வது வேறு, தன் படிப்பு வேறு என்று பொறுமையாக விளக்கினார். சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறோம். சிவப்புக்குள் 'நில்' என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. நாம் எல்லாரும் அப்படி ஒத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். மனிதர்கள் எதை எதற்கு அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே தன் வேலை என்றார். மாமா கைகட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சிவப்பு விளக்கில் தன் லாரிக்கு முன்னால் நின்ற காரின் நம்பரை எடுத்தார். அது அடித்துவிட்டது.

அதன் பிறகு அத்தையின் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்தன. காணாமல்போன நகை, வரன் அமையாத மகள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். தனக்கு எதுவும் தெரியாது என்று அத்தை சொல்லச் சொல்ல, "அலமாக், எவ்ளோ அடக்கமா பேசறாங்க பாரேன்" என்று வியந்தார்கள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குறி படித்தவர் குறி சொல்ல மாட்டேன் என்கிறார். சமையல் படித்தவர் அடுப்பையே பார்த்ததில்லை என்று சொல்வது போல் இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் மூலைவீட்டு அக்கா வந்தார். அவர் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலையில் மோட்டாரில் எல்லைப் பாலம் தாண்டிப் போய் இரவு திரும்புகிறவர், சில வாரங்களாக வீட்டுக்கே வரவில்லை. வேலை அதிகம், கம்பெனியே அறை கொடுத்திருக்கிறது என்று கைப்பேசியில் குரல் பதிவுகள் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற ஒண்ணும் கேக்கல."

அத்தை சிவப்பு விளக்கிலிருந்து ஆரம்பித்தார். அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"எனக்கு அதெல்லாம் புரியாது டீச்சர். அவரு பேசறத ஒருவாட்டி கேளுங்க. குரல் அவரோடதுதான். ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

அத்தை பேச்சை நிறுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குறி கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியவரால், ஒருவர் பேசுவதைக் கேளுங்கள் என்று சொன்னால் மட்டும் மறுக்க முடியவில்லை. அக்காவின் விரல் அவசரத்தில் வேறெங்கோ பட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "நீ போடும்மா" என்று கைப்பேசியை என்னிடம் தள்ளினார். நான் அழுத்தினேன்.

"ஆ, சாப்டியா? நாங்க சாப்டாச்சி. இங்க வேலை ஜாஸ்தி லா. அடுத்த வாரம் பாக்கலாம்."

பேச்சு முடிவதற்குள் 'போங் போங்' என்று ஹார்ன் சத்தம். ரொட்டிக்காரர்! கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் மோட்டாரின் பின்னால் தொங்கும் தேங்காய் பன்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். கேட்டைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். தெரு முழுக்க வெயில்தான் இருந்தது.

"ரொட்டிக்காரர காணோம்மா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தேன். அம்மா, அத்தை, அக்கா மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"சத்தம் போன்லேருந்து வந்திச்சி" என்றார் அம்மா மெதுவாக.

"சிங்கப்பூர்ல ஏது ரொட்டி மோட்டார்?" என்று அக்கா சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அத்தை அதையே மறுபடி போடச் சொன்னார். பிறகு பழைய பதிவுகளைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பழையவற்றில் அக்காவின் கணவரான அந்த அண்ணன், நம்ம வீட்டுக் கூரை ஒழுகுதா, நாம தீபாவளிக்கு எங்க போலாம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் ஒரே குரலாகத்தான் கேட்டது.

"ரூம்ல அவரு கூட யாரு இருக்காங்க?" என்று அத்தை கேட்டார்.

"தனியாதான் இருக்கேன்னு சொன்னாரு."

"சாப்பாட்டப் பத்திப் பேசினா எப்பவும் 'நாங்க'ன்னுதான் சொல்வாரா?"

அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். 'நாம' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்க' என்றால் கேட்பவர் வெளியே. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அத்தையின் புத்தகத்தில் இந்த இரண்டு சொற்களைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்தேன். ஒரு குடும்பம் யாரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, யாரை விலக்கிவிட்டது என்பது சண்டையில் தெரிவதற்கு முன்பே இந்தச் சொற்களில் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தார். எங்கெங்கோ இருக்கும் அறிஞர்கள் எடுத்துக்காட்டும் பகுதி அது. அன்று எனக்கு அது தமிழ்ப் பாடப் பயிற்சியில் வரும் கேள்வி மாதிரி இருந்தது. இவ்வளவு சோகமான நேரத்தில் அத்தை ஏன் இலக்கணம் கேட்கிறார் என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"சொல்லுங்க டீச்சர்" என்றார் அக்கா.

"எனக்கு என்ன கேட்டிச்சோ அதேதான்மா உங்களுக்கும் கேட்டிருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. வருவாரு, மாட்டாருன்னு நான் எது சொன்னாலும் பொய்."

 "பெக்கான் நானாஸ்" என்று பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னார் அக்கா. "அங்கதான் இருப்பாரு. யார் வீடுன்னும் தெரியும்."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் அழவில்லை. கேட் சாத்திய சத்தம் கேட்டதும் அத்தைதான் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலை சுற்றியது. ஊர்ப்பெயரைச் சொன்னது அக்கா. ஹார்ன் சத்தத்தைக் கண்டுபிடித்தது நான். அத்தை சொன்னது ஒன்றுமே இல்லை. அப்படியானால் குறி சொன்னது யார்? ஒன்றுமே சொல்லாதவர் எதற்கு அழ வேண்டும்?

மறுநாள் அக்கா தன் தம்பியின் காரில் போனார். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. சில நாள் கழித்து மூலைவீட்டில் அந்த அண்ணனின் மோட்டார் மறுபடி நின்றது. அத்தையின் குறி பலித்துவிட்டது என்று தாமானே பேசியது. அம்மா மறுக்கவில்லை. அத்தை மட்டும், "இனிமே இங்க யாரும் என் முன்னாடி சாதாரணமா பேச மாட்டாங்க தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பதிவுக் கருவியைப் பெட்டியில் வைத்து, வந்த வேலை முடியாமலே கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினார்.

மூலைவீட்டு அக்கா அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அம்மாவைக் கண்டால் வேறு கடைக்குத் திரும்பிக்கொண்டார். வேலை அதிகம்போல என்று நினைத்தேன். பொங்கலன்று அம்மா ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். முன்பெல்லாம் உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுக்கும் அக்கா, கம்பிக் கதவைப் பாதி திறந்து தட்டை வாங்கிக்கொண்டார். சிரித்தார். "அம்மாவுக்கு தேங்ஸ் சொல்லு" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படி வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அன்று சாயங்காலம் எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே எங்கள் தட்டு மட்டும் இருந்தது. கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்திருந்தார்கள். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"எவ்ளோ பளபளன்னு கழுவியிருக்காங்க பாருங்கம்மா" என்றேன். அக்காவுக்கு எங்கள்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.