அக்காவின் ஒன்பது பயணங்கள்

போன மாதம் கண் வைத்தியர் நான் இனிக் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். முப்பது வருடம் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவன் நான். எங்கள் புறநகரான பியர்பொன்ட்ஸில் பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைக் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்து, பாவங்கள் என்று சொல்லிக்கொண்டு போனவன். இப்போது அந்தப் பாவங்களில் நானும் ஒருவன்.

பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் புதிதாகப் பயண அட்டை வாங்குவானேன் என்று அக்காவின் கைப்பையைத் திறந்தேன். செபமாலைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே அவருடைய அட்டை இருந்தது. அக்கா போன பனிக்காலத்தில் இறந்தார். கணவரை இழந்த பிறகு எங்களுடன்தான் இருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தால்தான் சொந்தத்தை ஒழுங்காகப் பார்க்கிறோம் என்று அர்த்தம். வயதானவர்களைப் பஸ்ஸில் விட்டால் ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேர் கதைப்பார்கள். அந்த நாலு பேருக்கு நான் பயந்தேன்.

அக்காவுக்கு மெட்ரோவில் ஆசை. "தம்பி, ஒருக்கா வழியைக் காட்டிவிடு. பேந்து நானே போவன்," என்பார்.

"நான் இருக்கிறன்தானே? சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன்," என்பேன். சனிக்கிழமைகளில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைக் காலையில் கைத்தொலைபேசி அடித்தது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிற, எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர் பேசினார். "அண்ணை, உங்கட அக்கா தனிய வந்து நிக்கிறா. கார் ஏதும் பழுதோ?"

அந்தக் கடைசிக் கேள்வி போதும், கோபம் தலைக்கேறிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாமான்களை வாங்கி முடித்து மெட்ரோ வாசலுக்கு வந்திருந்தார். பையில் பிஞ்சுக் கத்தரிக்காய். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் இந்த நாட்டில் நான் கண்டதில்லை.

"நீ ஏன் மினக்கெட்டு வந்தனீ? பஸ்ஸில ஏறி, மெட்ரோ பிடிச்சு, நடுவில ஒருக்கா மாறி வந்தனான், எல்லாம் ஒரு பயணக் கணக்குத்தான். ஒரு இடமும் பிழைக்கேல்லை தம்பி! அட்டையில பத்துப் பயணம் போட்டு வைச்சிருக்கிறன். காரை விட்டிட்டு நீயும் வாவன், ரயிலில போவம்."

"என்ர மானத்தை வாங்கத்தானே வெளிக்கிட்டனீங்கள்?" என்று கத்தினேன். நாலு பேருக்குப் பயந்தவன், நாற்பது பேர் முன்னால் அக்காவை அழவைத்தேன். பையைப் பறித்துக் காரில் போட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரி தம்பி, இனிப் போகேல்லை," என்றார். அன்று மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி. வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவேயில்லை. எங்கள் பக்கம் ஓட்டுநரில்லாத புது ரயிலைப் பரீட்சித்து ஓட்டத் தொடங்கியபோது, அக்கா காரிலிருந்து கழுத்தைத் திருப்பி, பாலத்தில் அது மறையும்வரை பார்ப்பார். நான் பார்க்காததுபோல் ஓட்டுவேன். ஆனாலும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. நானும் மனைவியும் வேலைக்குப் போன பகல்களில் அக்கா கள்ளமாகப் போய் வருவார் என்று நினைத்துக்கொண்டேன். சில நாட்களில் வாசலில் அவருடைய சப்பாத்து இடம் மாறிக் கிடக்கும். கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவேன். அதையே பெரிய தாராளமென்று எண்ணிக்கொண்டேன்.

அட்டை வெறுமையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், பயணமும் போட்டுத் தருகிற தெருமூலை தெப்பனர் சில்லறைக் கடைக்குப் போய் அதை நீட்டினேன். "பத்துப் பயணம் போட்டுத் தாருங்கள்," என்றேன்.

கடைக்காரப் பெண் அதைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். இதில் இன்னும் ஒன்பது இருக்கிறது, இப்போது போடத் தேவையில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள்.

பத்தில் ஒன்றுதான் போயிருக்கிறது. அது சந்தைக்குப் போன பயணம். திரும்பி வந்தது என் காரில்.

அக்கா என் சொல்லைக் கேட்டிருக்கிறார். ஒரு நாளாவது கேட்காமல் விட்டிருக்கக் கூடாதா?